இறக்கி விட்ட மடிப்பு

பாவாடையின் கீழ்மடிப்பு பிரிந்திருந்தது.

அவள் அதை உடனே கவனிக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மகளுடைய அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, அந்த நீலப் பள்ளிப் பாவாடையை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. ஆரம்பத்தில் அதில் மகள் இருந்தாள். சோப்பு, வெயில், தலையெண்ணெய், பென்சில் சீவிய தூள், இவற்றுக்கெல்லாம் அடியில் அந்தப் பெண்ணுக்கே உரிய இன்னொரு வாசனை, பிறந்த அன்று உச்சந்தலையில் முகர்ந்தபோது வந்த அதே வாசனை. நாள் போகப் போக அது தேய்ந்துகொண்டே வந்து, இப்போது வெறும் துணியும் அலமாரி மரமும்தான் மணந்தன. அப்படியும் விட மனமில்லாமல் மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அன்றைக்கும் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், துணி வழக்கத்தைவிடக் கீழே தொங்கி அவள் முழங்காலில் உரசியது.

திருப்பிப் பார்த்தாள். உள்ளே மடித்துத் தைத்திருந்த துணி முழுசாக இறங்கியிருந்தது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடியது.

துணிக்கடையின் ஆல்ட்ரேஷன் பகுதியில் உட்கார்ந்து பல வருஷமாகத் தைப்பவள் அவள். ஒரு தையலைத் தொட்டால் அது யார் போட்டது, நிதானமாகப் போட்டதா அவசரத்தில் போட்டதா, பிரித்தது பிளேடா கத்தரிக்கோலா என்று கையே சொல்லிவிடும். இது அவளே கைத்தையலாகப் போட்டது. பிரித்தவர்கள் பிளேடு வைக்கவில்லை. வைத்திருந்தால் நூல் துண்டு துண்டாக விழுந்திருக்கும். இங்கே அது அறுபடாமல், முழு நீளத்துக்கும், உதிர்ந்த தலைமுடி மாதிரி சுருள் சுருளாக அலமாரித் தட்டில் கிடந்தது. எடுத்தாள். ஒரு முனை ஈரமாக இருந்தது.

கணவர் வந்ததும் கேட்டாள். அவர் டவுன் பஸ் ஓட்டுபவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள் இறங்கிப் போய் வந்து உட்கார்ந்தவர், ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்றார். பிறகு, நீயே தூக்கக் கலக்கத்தில் பிரித்திருப்பாய் என்றார். அதைச் சொன்னபோது அவர் கண் அவள்மேல் இல்லை. மூடியிருந்த அந்த அறைக் கதவுமேல் இருந்தது.

இருக்கலாம் என்று அவளும் நினைத்தாள். அந்தப் பாவாடையை அவள் அத்தனை தடவை பிரித்துத் தைத்திருக்கிறாள். கை பழக்கத்தில் எதையும் செய்யும்.

மகள் வளர்ந்த வேகம் அப்படி. பன்னிரண்டு வயதில் அம்மாவின் தோளைத் தாண்டினாள். பதினாலில் அப்பாவை எட்டிப் பிடித்தாள். "கொக்கு" என்றுதான் அப்பா கூப்பிடுவார். இவளுக்குப் போடுகிற சோறெல்லாம் வயிற்றில் நிற்காமல் காலுக்கு இறங்கிவிடுகிறது, என் வண்டியில் ஏறினால் கூரையில் ஓட்டை போட்டுத்தான் கூட்டிப் போகணும் என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். கொக்குக்குக் கோபம் வராது. நீளமான கையை நீட்டி, இருந்த இடத்திலிருந்தே அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். மாதம் ஒருமுறையாவது அறை வாசலில் வந்து நின்று, "அம்மா, மறுபடியும் பத்தல" என்பாள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும். அம்மா சிரித்துக்கொண்டே ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, மடிப்பைக் கொஞ்சம் இறக்கித் தைத்துக் கொடுப்பாள். வளர்கிற பெண்ணாயிற்று என்று எப்போதும் உள்ளே துணியைத் தாராளமாக விட்டே தைப்பாள்.

ஒரு நாள் பள்ளி வாலிபால் மைதானத்தில், பந்தை அடிக்க எம்பியவள், இறங்கியதும் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒண்ணுமில்ல மிஸ் என்று டீச்சரிடம் சொன்னாளாம். கொஞ்சம் தண்ணி குடுங்க என்றாளாம். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெரிய டாக்டர் பிறகு அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். அந்த உயரமே நோய்தான். கை விரல்கள் அப்படி நீண்டதும், கால் அப்படி ஓங்கி வளர்ந்ததும் அதனால்தான். வெளியே உடம்பு இழுபட இழுபட, உள்ளே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயும் இழுபட்டு இழுபட்டு, நைந்துபோய், ஒரு நாள் கிழிந்துவிட்டது. நைந்துபோய், கிழிந்து. தையல்காரிக்குப் புரியும்படியான வார்த்தைகளை அவர் தெரியாமலேயே தேர்ந்தெடுத்துவிட்டார். உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று ஆறுதலும் சொன்னார். கணவர் தலையைக் குனிந்தபடி ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே பிரிந்த மடிப்பைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். பழைய கோட்டிலேயே மடித்து, நூலை இரட்டையாக்கி, தையலுக்குத் தையல் முடிச்சுப் போட்டு இறுக்கித் தைத்தாள். இனி ஒரு நூல் அளவுகூட இறங்கக் கூடாது என்பதுபோலத் தைத்தாள். தைத்து முடித்து அலமாரியில் வைத்து, சாவி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்துத் திறந்தபோது மடிப்பு மறுபடி இறங்கியிருந்தது. இரட்டை நூல், முடிச்சு முடிச்சாக, ஈரமாக, தட்டில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஏனென்றால் கதவைத் திறந்த அதே கணத்தில் வாசனை வந்து முகத்தில் மோதியது.

சோப்பு. வெயில். தலையெண்ணெய். அடியில் அந்த இன்னொன்று.

எங்கோ மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த பழைய வாசனை இல்லை அது. சற்றுமுன் கழற்றிப் போட்ட துணியில் உடம்புச் சூட்டோடு வருமே, அது. அவள் பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நாளாக அழுது காய்ந்த கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பயந்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பசியில் கிடப்பவள் தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பாளா? போதும் போதும் என்கிற வரைக்கும் மூச்சை இழுத்தாள். போதவே இல்லை.

அன்றிலிருந்து அவள் மடித்துத் தைப்பதை விட்டாள். இறக்கித் தைக்க ஆரம்பித்தாள்.

உள்துணி தீர்ந்துபோனதும், கடையில் மிஞ்சும் நீலத் துண்டுகளைக் கேட்டு வாங்கி அடியில் ஒட்டுப்போட்டாள். ஒட்டுப்போட்டு வைத்தால் வாசனை வரும். இரண்டொரு நாள் நிற்கும். பிறகு மங்கும்போது, நூல் பிரிந்து கிடக்கும், இன்னும் வேண்டும் என்பதுபோல. இன்னொரு பட்டை வைத்துத் தைப்பாள். மறுபடியும் வாசனை வரும். வீட்டில் சமைப்பது குறைந்தது. கணவரோடு பேசுவது குறைந்தது. கடையில் வாடிக்கைக்காரர்களின் பேண்ட்டுகளைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே மனம் அலமாரிக்குள் போய் நின்றுகொள்ளும்.

கடையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் ஜிப்பண்ணன் என்பார்கள். ஜிப் மாற்றுவதில் மன்னர். உலகத்தில் பாதிப் பேர் மானம் என் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பவர். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவள் பாவாடைக்குப் பட்டை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கும்மா இது, விளக்குக் கம்பத்துக்கா என்றார். அவள் நிமிர்ந்தாள். அவர் அப்போதுதான் அந்த நீலத்தையும், இடுப்பில் இருந்த பள்ளிக்கூடப் பட்டனையும் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்தது.

எழுந்து வந்து, மெஷினுக்கு அந்தப் பக்கம் தரைவரை வழிந்து சுருண்டு கிடந்த துணியைக் கையில் ஏந்திப் பார்த்தார். தொழில்காரன் கண் தானாகவே அளவெடுத்துவிடும்.

"இடுப்பு அதேதான் இருக்கு," என்றார் மெதுவாக. "நீளம் மட்டும் இப்படி. மனுஷ உடம்பு இப்படி இருக்காதேம்மா."

"வளர்றா அண்ணே," என்றாள் அவள்.

அவர் துணியைக் கீழே வைத்தார். மாலையில் புறப்படும்போது, நாளைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்காரரோடு எங்கேயாவது போய்விட்டு வாம்மா, நான் உன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் சரி என்றாள். போகவில்லை.

சுவரை அவள் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

மகள் கட்டிலில் சம்மணம் போட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் படிப்பாள். படித்துப் படித்துச் சுவரில் தலையளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை விழுந்திருந்தது. வெள்ளையடிக்க வந்தவரைக்கூட அந்த இடத்தைத் தொடவிடாமல் அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். சில சமயம் அதில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். அன்று வைக்கப் போனபோது, அதற்கு மேலே, ஒரு சாண் தள்ளி, இன்னொரு கறை தெரிந்தது. அதே வட்டம். அதற்கும் மேலே வேறொன்று. ஒன்றுக்குமேல் ஒன்றாக, ஏணிப்படி மாதிரி, கறைகள் சுவரில் ஏறிப்போயின. கடைசியாக இருந்தது அவள் நின்றுகொண்டு கையை உயர்த்தினாலும் எட்டாத இடத்தில். அது மட்டும் இன்னும் காயாமல் பளபளத்தது.

கட்டிலில் உட்கார்ந்தபடி தலை சாய்ந்த இடம் அது. நின்றபடி அல்ல. உட்கார்ந்தபடி.

அவள் வாசல்வரை பின்னாலேயே நடந்து வந்தாள். கதவைச் சாத்தினாள். ஆனாலும், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியாடி என்று கேட்டுவிட்டாள். அதுதான் வாயில் வந்தது.

பொழுது சாய்கிற வேளைகளில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற மங்கல் வெளிச்சத்தில், தெருவில் பிள்ளைகள் விளையாட்டை முடித்துக் கலைகிற சத்தமும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், மேல்மாடிக் குழாயில் தண்ணீர் இறங்குகிற சத்தமும் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிய பிறகு, அந்த அறைக்குள்ளிருந்து, நனைந்த கயிற்றை யாரோ முறுக்குவதுபோல ஒரு நெரிசல் வரும். நிற்கும். மறுபடி வரும். நடுவே விரல் சொடுக்குவதுபோல ஒரு படீர். அதற்குப் பிறகு, மூக்கை உறிஞ்சுகிற மெல்லிய சத்தம்.

எலியாக இருக்கும் என்றாள் கணவரிடம். கட்டில் மரம் நெளிகிறது என்றாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவர் இப்போதெல்லாம் கூடத்தில், விளக்கைப் போட்டபடியே படுத்தார்.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் இதே வேளையில்தான் மகளுக்குக் கால் குடையும். அம்மா, எலும்பு இழுக்குதும்மா என்று அழுவாள். வெந்நீர்ப் பையை ஒற்றி, முட்டிக்குக் கீழே அமுக்கிவிட்டுக்கொண்டே, இது வளர்ற வலிடி, நல்லதுதான் என்று சொல்லியிருக்கிறாள். நல்லதுதான் என்று சொல்லியிருக்கிறாள்.

போன பிறகும் வலி விடவில்லை. இதுதான் அவளைத் தின்றது. செத்தால் வலி போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எரித்த அன்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். உள்ளே ஒருத்தி தனியாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

அன்று கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். சட்டையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்து, வேறு வீடு பார்த்தாயிற்று என்றார். முன்பணமும் கொடுத்தாயிற்று. நாளைக்குக் காலையில் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. அந்த அறையில் இருப்பதில் எதையும் எடுக்கப்போவதில்லை, கதவைப் பூட்டியபடியே வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிடப் போகிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

"எம் பொண்ண விட்டுட்டு நான் வரமாட்டேன்," என்றாள்.

அவர் சட்டைப் பட்டன் ஒன்றைக் கழற்றி மறுபடியும் போட்டார்.

"நானும் பார்த்தேன்," என்றார். "அவ ரூம் ஜன்னலைச் சாத்தப் போனேன். மழைச் சாரல் அடிச்சுதே, அன்னிக்கு. மூலைல நின்னுச்சு. மொதல்ல திரைச்சீலைன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா கால்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொக்குன்னு கூப்பிட்டேன். வாய் தவறி வந்துடுச்சு. உடனே குனிய ஆரம்பிச்சுது. மேலேர்ந்து. குனிஞ்சுகிட்டே இருந்துச்சு. முகம் கீழ வர்றதுக்குள்ள ஓடி வந்துட்டேன்."

"அவ குனிஞ்சது உங்களப் பார்க்கத்தான்."

"அது நம்ம பொண்ணு இல்ல. நம்ம பொண்ணக் கொன்னுச்சு பாரு, அது. அந்த வளர்த்தி. அது மட்டும் சாகாம நிக்குது. அதுக்குத்தான் நீ துணி தைச்சுப் போடுற."

அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் ஒன்றும் மாறவில்லை. அந்த வளர்த்தியையும் வயிற்றில் சுமந்தவள் அவள்தான். அது தனியாக, பெண் தனியாக என்று எங்கே பிளேடு வைத்துப் பிரிப்பது?

கயிறும் அட்டைப் பெட்டிகளும் வாங்கி வருகிறேன், அதுவரை வாசலில் வந்து உட்கார் என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு அவர் போனார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் மறைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் சட்டென்று ஒரு படி இறங்கியது.

உள்ளே நெரிசல் தொடங்கியது. இதுவரை கேட்காத அளவுக்கு. படீர், படீர் என்று ஒன்றையடுத்து ஒன்றாக. பிறகு ஒரு முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிற முனகல். டாக்டர் ஊசி போட்டாலும் கத்தாத பெண் அவள். அப்படித்தான் முனகுவாள்.

நைந்துபோய், கிழிந்து.

மறுபடியும் கிழியப்போகிறது. அவளுக்கு அது பட்டென்று தெரிந்தது. இழுபட்டுக்கொண்டே போகிற துணி ஒரு இடத்தில் விட்டுவிடும், விட்டே ஆகும். ஒருமுறை மைதானத்தில், யாரோ கையில் போனாள். இந்தமுறை பக்கத்து அறையில். நாளைக்கு வண்டி வந்துவிடும். மழை. முனகல். என்னால் என்ன செய்ய முடியும், என்னால் என்ன செய்ய முடியும் என்று அவள் வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். டாக்டராலேயே முடியாதது.

கையைப் பார்த்தாள். மடிப்பை இறக்கிவிட்ட கை. மடித்து ஏற்றவும் தெரிந்த கை.

எழுந்தாள். தையல் டப்பாவை எடுத்தாள். ஜீன்ஸ் தைக்கிற தடித்த ஊசி. கெட்டி நூல். குண்டூசி அட்டை. அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

வாசனை தாங்க முடியாமல் இருந்தது. ரொம்ப நாள் படுத்த நோயாளியின் அறைக் கதவைத் திறந்ததுபோல, இனிப்பும் ஈரமும் கலந்து, நாக்கில் படிகிற அளவுக்கு. ஆனாலும் மகளின் வாசனை. ஜன்னலில் மழைக்குப் பின்னால் சாம்பல் வெளிச்சம். சுவரில் கறைகள் ஏறிப்போயின. மேலே. இன்னும் மேலே. சுவர் முடிகிற இடத்தில் வளைந்து, கூரையில். கூரையில் நாலைந்து கறைகள், மூலையை நோக்கி. மூலையில் இருட்டு. அதற்குமேல் அவள் கண்ணை உயர்த்தவில்லை.

தாழ்த்தினாள்.

அலமாரிக்குப் பக்கத்தில், தரையில், ஒரு பாதம்.

வெளுத்து, நீண்டு, முழங்கை அளவுக்கு இருந்தது. அதன் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பிறந்த அன்றே அப்படித்தான் இருந்தது. செருப்பு கடிக்கும் என்று எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறாள். அந்தச் சுண்டுவிரலைப் பார்த்ததும் அவள் டப்பாவைத் தரையில் வைத்தாள். முன்னால் உட்கார்ந்தாள்.

பாதத்துக்கு மேலே கணுக்கால். கணுக்காலுக்கு மேலே கால். போய்க்கொண்டே இருந்தது. எங்கோ மேலே, இருட்டில், நீலம். அவள் வைத்த பட்டைகள் எல்லாம் சேர்ந்தும் பத்தவில்லை.

"ரொம்ப வலிக்குதாடி?"

மேலிருந்து ஒரு மூச்சு. அவ்வளவுதான். ஒரு துளி அவள் புறங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் நெரிந்தது. எலும்பின்மேல் தோல் ஒரு நகக்கண் அளவுக்கு நழுவி மேலே போனது. முனகல்.

"இருடி. இரு. அம்மா புடிச்சுத் தைச்சுடறேன்."

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். நூலை இரட்டையாகக் கோர்த்தாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய துணி மாதிரி. உள்ளே எலும்பும் வளைந்து கொடுத்தது. மடித்தாள். மடிந்தது. குண்டூசி குத்தினாள். பாதம் அசையவில்லை. அளவெடுக்கும்போது எப்படி நிற்பாளோ, அப்படி நின்றது.

முதல் தையல். ரத்தம் இல்லை. இழுத்தாள்.

மேலே, கூரையில், ஏதோ உரசிக்கொண்டு நகர்ந்தது. கொஞ்சம் இறங்கியது.

இறங்குகிறது. குறைகிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. குண்டூசிகள் உதட்டில் ஆடின. இரண்டாவது தையல். மூன்றாவது. இழுத்து முடிச்சு. முனகல் நின்றுவிட்டிருந்தது. நெரிசல் இல்லை. மழைச் சத்தம் மட்டும். இன்னொரு மடிப்பு. இன்னொன்று. ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே உரசல். சுவரோரமாக. கீழே. கீழே.

வாசற்கதவு திறந்தது. அட்டைப் பெட்டிகள் விழுந்தன. காலடிகள் ஓடி வந்தன. கணவர் அறைக் கதவைத் தட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு உடம்பால் இடித்தார். வெளியே வா, அதைப் பார்க்காதே, தயவுசெய்து பார்க்காதே என்று அழுதார். பதில் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. வாயில் ஊசிகள்.

முடிநுனிகள் பின்கழுத்தில் பட்டன. நீளமாக, ஈரமாக. தோளில் வழிந்தன. அவளைச் சுற்றித் திரைபோல விழுந்தன. வெளிச்சம் போனது.

அவள் தலை தூக்கவில்லை. வேலை பாக்கியிருந்தது.

வகிட்டில் மூச்சுப் பட்டது. நிதானமான மூச்சு. தாழ்ப்பாள் அதிர்ந்தது. அவள் அடுத்த மடிப்பைக் கிள்ளிப் பிடித்தாள். இரண்டு விரல்கள், அவள் முன்கையைவிட நீளமானவை, தோளுக்கு மேலாக இறங்கி வந்தன. உதட்டிலிருந்து ஒரு குண்டூசியை மெல்ல உருவின. அவளுக்கு வலிக்காதபடி மெல்ல. பிறகு அதை அவள் கையில் கொடுத்தன.